கொப்பு கேக்குற பேராண்டிகளுக்கு

ஏலே பேராண்டிகளா, நீங்க பேசிக்கிடுததை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தாத்தாவுக்குக் காது மந்தம்னு நெனச்சு எம் பக்கத்துல உக்காந்தே சத்தம் போடுதீங்க. மந்தம்தான், இல்லைங்கல. உங்க அப்பன் பம்புசெட்டு ரிப்பேருக்குத் துட்டு கேட்டா எனக்குச் சுத்தமா கேக்காது. சிலந்திப் பய பேச்சுன்னா மட்டும் நல்லாவே கேக்கும்.

ஸ்பைடர்-வெர்ஸ்னு அந்தக் கார்ட்டூன் படம். முதப் பாகம் 2018 டிசம்பர்ல வந்துச்சு, மறு வருசம் ஆஸ்கரும் வாங்கிட்டு. ரெண்டாம் பாகம் 2023 ஜூன்ல வந்துச்சு, தமிழ்லயும் பேசிச்சு. மூணாம் பாகம் இன்னும் வரல. ரெண்டாம் பாகம் முடியும்போது கதாநாயகன் மைல்ஸு வீட்டுக்குப் போறேன்னு வேற உலகத்துல போயி இறங்கிட்டான். அங்க அவன் மொகத்தோடயே ஒரு பய இருக்கான், வில்லன் வேலை பாக்கான், நம்ம பயலைக் குத்துப் பழகுத மூட்டையோட சேத்துக் கட்டிப் போட்டுட்டான். சரி, அடுத்து என்னன்னு நிமிந்து உக்காந்தா 'தொடரும்'னு போட்டுட்டான். 140 நிமிசம் உக்கார வச்ச பெறவு!

பய இன்னும் கட்டுப்பட்டுத்தான் கெடக்கான். அவனை யாரு அவுத்து விடப் போறான்னு உங்கள்ல ஒருத்தனாவது கவலைப்படுதீங்களா? கெடையாது. ஒருத்தன் படத்துல வார சிலந்திப் பொம்பளைப் பிள்ளை க்வெனுக்குத் தனிப் படம் வேணுங்கான். ஒருத்தன் கிட்டார் வச்சிருக்க ஹோபிக்கு வேணுங்கான். கறுப்பு வெள்ளைத் தொப்பிக்காரனுக்கு ஒருத்தன், ரோபோ வச்சிருக்க பிள்ளைக்கு ஒருத்தன். நேத்து ஒருத்தன் பன்னிக்குக் கேட்டான். கொப்புக் கதை கேக்குததுக்கு வரியா போட்டிருக்கு, கேளுங்க. ஆனா சண்டைன்னு எறங்கியாச்சுன்னா லட்சணமாச் சண்டை போடணும்லா? அதுக்குத்தான் இந்தக் கெழவன் நாலு வார்த்தை சொல்லுதேன்.

மொதல்ல, படத்தைத் திரும்பப் பாக்காதீங்க. பாத்துட்டா பேச முடியாம வாயடைச்சுப் போவும். நான் பாத்தேன், பேரன் டிவில போட்டுக் குடுத்தான். முதப் பாகத்துல காட்டுக்குள்ள ஒரு ஓட்டம் வரும்லா? கம்ப்யூட்டரைத் திருடிக்கிட்டு மரத்துக்கு மரம் தாவி ஓடுவாங்க. தொழில் தெரிஞ்ச மூத்த சிலந்தி, தொப்பை போட்ட பீட்டர் வழுக்கிக்கிட்டுப் போவான், மைல்ஸு தட்டுத் தடுமாறிப் போவான். நடிப்புலதான் தடுமாறுதான்னு நெனச்சியா? திரையில ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். பீட்டருக்கு 24-லயும் புதுசா ஒரு அசைவு இருக்கு. மைல்ஸுக்கு 12-தான், ஒரு அசைவை ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வச்சிருக்கான். ஒரே காட்சில, ஒரே கொப்புக்கு அடியில, ரெண்டு பேருக்கு ரெண்டு தாளம். பய தேறித் தெளிஞ்ச பெறவு அவனுக்கும் முழுத் தாளம் வந்துருது. தொழில் தெரியாதவன் உடம்புல பாதி அசைவுதான் இருக்கும்னு யோசிச்சவன் எவனோ, அவன் கையில காப்பு போடணும். இதை நீங்க யாராவது பேசி நான் கேட்டேனா? 'க்வெனுக்கு எப்பப் படம்?' அதான் பேச்சு.

அதே முதப் பாகத்துல, அவங்க கம்ப்யூட்டரைத் திருடின ஆல்கெமாக்ஸ் கம்பெனியோட விஞ்ஞானி ஒருத்தன் மண்டையில பேகல் ரொட்டி ஒண்ணு வந்து விழும். நம்ம ஊரு உளுந்த வடை மாதிரி நடுவுல ஓட்டை உள்ள ரொட்டி. அது விழுத சத்தத்துக்கு 'டமால்' 'டுமீல்'னு போடாம 'பேகல்'னே எழுத்துல போட்டிருப்பான். ஒரு நொடி. சிரிச்சுட்டு விட்டுட்டோம். அஞ்சு வருசம் கழிச்சு ரெண்டாம் பாகத்துல ஒடம்பெல்லாம் ஓட்டையா ஒரு வில்லன் வாரான், ஸ்பாட்னு பேரு. 'நீ பேகல் எறிஞ்சியே, அந்த ஆளு நான்தாம்ல'ன்னு வந்து நிக்கான்! மைல்ஸைக் கடிச்ச சிலந்தியையே வேற உலகத்துல இருந்து கொண்டு வந்தவன் அவன்தானாம். முதப் பாகத்துல அந்தச் சிலந்தி கடிக்கும்போது அதோட உருவம் வெட்டி வெட்டி இழுக்கும், மேல 42-ன்னு எழுதியிருக்கும். அதையும் சும்மா ஒரு அலங்காரம்னு விட்டுட்டோம். ரெண்டாம் பாகத்துல பாத்தா அது 42-ஆம் நம்பர் உலகத்துச் சிலந்தி. அது இங்க வந்து கடிச்சதால அந்த உலகத்துல சிலந்தி மனுசனே இல்லாமப் போயி ஊரே நாசமாயிக் கெடக்கு. மைல்ஸு கட்டுப்பட்டுக் கெடக்கதும் அந்த ஊருலதான்.

இப்ப ஒரு கேள்வி. 2018-ல படம் பாத்துட்டு வெளிய வந்தவங்கள்ல எத்தனை பேரு 'பேகல் அடிபட்டவனுக்கு ஒரு கதை வையுங்க'ன்னு கேட்டான்? ஒருத்தனும் கேக்கல. எல்லாரும் கேட்டது க்வெனைத்தான், தொப்பிக்காரனைத்தான். கேட்டதைக் குடுக்காம, கேக்காத ரொட்டியில இருந்து ஒரு வில்லனை எடுத்தான் பாரு, அதுல இருக்கு தொழிலு.

நீங்க கேட்டது என்னாச்சுன்னு வருவோம். சிலந்திப் பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு படம், க்வெனை வச்சு. அந்தச் சேதி வந்தது 2018 நவம்பர்ல. அதாவது முதப் பாகம் தியேட்டருக்கு வாரதுக்கும் முன்னால! மொதப் பிள்ளை பெறக்கதுக்கு முன்ன பேரனுக்குப் பேரு வச்சவங்க இவங்க. அப்ப ஆறாங் கிளாஸ் படிச்ச பய இப்பக் காலேஜில அரியர் வச்சிக்கிட்டு அலையுதான், படத்தைக் காணும். காணலைன்னு நான் குறைப்படல. ரெண்டாம் பாகத்துல மொதக் கா மணி நேரம் க்வென் கதைதான ஓடுது? அவ உலகத்துல சுவரெல்லாம் நீர்வண்ணத்துல வரைஞ்சிருக்கு. அவளுக்குக் கோவம் வந்தா சுவரு நெறம் மாறுது, அப்பன்கிட்ட அழும்போது சாயம் வழியுது. வேணும்னு கேட்ட க்வென் கதை அதுல வந்துட்டு. நீங்க கேட்டது போஸ்டர்ல அவ பேரு தனியா வரணும்னு. அது வேற ஆசை.

தொப்பிக்காரனுக்கு வந்துட்டு. நிக்கோலஸ் கேஜு அன்னைக்குக் குரல் மட்டும் குடுத்தாரு, இப்ப அவரே வேசங்கட்டி நடிக்க 'ஸ்பைடர்-நொய்ர்'னு ஒரு தொடர், 2026-க்குன்னு அறிவிச்சாங்க. கார்ட்டூன்ல அந்த ஆளு 1933-ஆம் வருசத்துல இருந்து வாரவன், அவன் உலகத்துல கறுப்பு வெள்ளையத் தவிர வேற நெறமே கெடையாது. ரூபிக் கட்டையைக் கையில வச்சிக்கிட்டு, இதுல என்னமோ இருக்கேன்னு முழிப்பான், ஊருக்குப் போவும்போது அதையும் எடுத்துக்கிட்டுப் போவான். மொத்தப் படத்துலயும் எனக்குப் பிடிச்ச சங்கதி அதுதான். சரி, இந்தத் தொடரை எப்படிக் காட்டுதாங்களாம்? கறுப்பு வெள்ளையில ஒண்ணு, கலர்ல ஒண்ணு. இஷ்டம் போலப் பாத்துக்கிடலாமாம். நெறமே தெரியாதவன் கதையைக் கலர்லயும் குடுக்கான் பாரு, அவன் வியாபாரி! நீங்க இப்ப எது அசல், எது கலப்படம்னு சண்டை போடுங்க. ரெண்டையும் பாத்துட்டுச் சண்டை போடணும்னு அவனுக்கு ஆசை.

பன்னி கேட்டவன் எங்கல? முன்னால வா. உனக்கும் ஒண்ணு குடுத்தாச்சு, 2019-ல நாலு நிமிசத்துச் சின்னப் படம். போதலையாக்கும்? அந்தப் பன்னி கதையே என்னன்னு தெரியுமா? 1983-ல காமிக்ஸ்ல வந்தது. அது பன்னியைச் சிலந்தி கடிச்ச கதை இல்ல, சிலந்தியைப் பன்னி கடிச்ச கதை. சிலந்தியா இருந்தது கடி வாங்கிப் பன்னியாயிட்டு. இதை ரெண்டு மணி நேரத்துக்கு இழுக்கணுங்க உனக்கு! மடியில இருந்து பெரிய சுத்தியலை எடுத்து மைல்ஸுக்குக் குடுத்துட்டு, பாக்கெட்டுக்குள்ள அடங்கும்னு சொல்லிட்டுப் போச்சே, அதோட அதுக்கு மரியாதை. ஊறுகாயைச் சோறு மாதிரி பெசையக் கூடாதுடா.

ஹோபி ஆளு வேணும்னா கேளு. அவனுக்குப் படம் யோசிக்காங்கன்னு சேதி வந்திருக்கு, அவனுக்குக் குரல் குடுத்த டேனியல் கலூயாவே கதையில கை வச்சிருக்காராம். ஆனா ஒண்ணு பாத்துக்கோ. அந்தப் பய ஒடம்பு ஒரு வேகத்துல அசையுது, சட்டை இன்னொரு வேகத்துல, கிட்டார் வேற வேகத்துல. பழைய பங்க் பாட்டுக் கச்சேரி நோட்டீசை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கான். அவன் ஒருத்தனை ஒழுங்கா அசைய வைக்கதுக்கே வருசக் கணக்காச்சுன்னு எடுத்தவங்களே சொல்லியிருக்காங்க. முழுப் படமும் அவனே வரணும்னா வரையுதவன் கையி என்னத்துக்காகும்? அதுவும் நீங்க நெனைக்கதில்ல.

இந்தக் கொப்பு ஒடிக்குத வியாபாரம் ஏன்னு தெரியுமா? மார்வெல் கம்பெனி 1996-ல திவாலாச்சு. கையில இருந்த பாத்திரங்களை வச்சுப் படம் எடுக்குத உரிமையை ஊரெல்லாம் வித்தான். பென் ஃபிரிட்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் புத்தகத்துல எழுதியிருக்காரு. கிட்டத்தட்ட எல்லாப் பாத்திரத்தையும் சேத்து 2.5 கோடி டாலருக்குத் தாரேன்னு மார்வெல் சொல்லிச்சாம். சோனிக்காரன், 'மத்ததெல்லாம் எவனுக்கு வேணும், சிலந்தி மட்டும் போதும்'னுட்டானாம். அப்புறம் மத்ததையெல்லாம் வச்சு மார்வெல் சம்பாதிச்சது உலகத்துக்கே தெரியும். சோனி கையில இருக்கது ஒரே மரம். சிலந்தியும், சிலந்தியைச் சேந்த ஆளுகளும்தான். அவன் கொப்பை ஒடிக்காம வேற என்ன செய்வான்?

முருங்கைக் கொப்பை ஒடிச்சு நட்டா தழையும், அது ஒங்க ஆச்சிக்குத் தெரியும். அந்தத் தெம்புல புளியங்கொப்பை ஒடிச்சு நட்டுட்டு, தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தா? அதைத்தான் சோனி செஞ்சான். 2018-ல வெனம்னு ஒண்ணை நட்டான், 85 கோடி டாலர் வந்துச்சு. முருங்கைதான். அடடா, எல்லாமே முருங்கைன்னு நெனச்சுட்டான். மோர்பியஸ், மேடம் வெப், கிராவன்னு வரிசையா நட்டான். எல்லாம் சிலந்தி மனுசனைச் சுத்தி உள்ள ஆளுக, ஆனா படத்துல சிலந்தி மனுசன் கெடையாது. கிராவனுக்குச் செலவு மட்டும் 11 கோடி டாலர், வசூல் சுமார் 6 கோடி. பட்டுப் போச்சு.

இதுல மோர்பியஸ் கதை உங்களுக்காகவே நடந்தது. நல்லாக் கேளுங்க. 2022 ஏப்ரல்ல அந்தப் படம் வந்து ஊத்திக்கிட்டு. பொறவு உங்களை மாதிரி பிள்ளைகள் அதை வச்சுக் கேலி பண்ண ஆரம்பிச்சாங்க. படத்துல இல்லாத வசனத்தை இருக்குன்னு சொல்லி, உலகத்துலயே ஒசந்த படம் இதுதான்னு மீம் போட்டு, ஊரெல்லாம் அதே பேச்சு. சோனிக்காரன் அதைப் பாத்தான். 'ஆஹா, நம்ம படத்துக்கு இம்புட்டு மவுசா'ன்னு ஜூன் மாசம் அமெரிக்காவுல ஆயிரத்துச் சொச்சம் தியேட்டர்ல மறுபடியும் படத்தைப் போட்டான். மூணு நாள்ல வந்தது சுமார் 3 லட்சம் டாலர். ஒரு தியேட்டருக்கு 300 டாலர் கூட முழுசாத் தேறல. கேலி பண்ணின ஒருத்தனும் டிக்கெட் எடுக்கல! ரெண்டாந் தடவையும் ஊத்திக்கிட்ட படம்னு பேரு வாங்கிச்சு. நீங்க பேசுதது வேற, துட்டுப் போடுதது வேறன்னு அன்னைக்குத்தான் அவனுக்கு வெளங்கிச்சு. உங்க அப்பனுக்கு அது எப்பவோ தெரியும்.

அதுக்காக ரசிகன் பேச்சைக் காதுலயே வாங்கக் கூடாதுன்னு சொல்லல. 1967-ல வந்த பழைய சிலந்திக் கார்ட்டூன்ல ரெண்டு ஸ்பைடர்மேன் ஒருத்தனை ஒருத்தன் கையை நீட்டிக் காட்டிக்கிட்டு நிக்குத படம் ஒண்ணு உண்டு. போன்ல அதை அனுப்பாதவன் உண்டுமா? முதப் பாகத்துல எழுத்தெல்லாம் ஓடி முடிஞ்ச பெறவு, மிகுவேல்னு ஒருத்தன் நேரா அந்தக் கார்ட்டூனுக்குள்ள போயி கையை நீட்டிச் சண்டை போடுவான். உங்க கேலியை எடுத்து உங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டான். கொஞ்ச நேரந்தான், போதும். அளவு தெரிஞ்சவன் செஞ்சது அது.

அந்த மிகுவேல் ரெண்டாம் பாகத்துல முழுசா வாரான். 2099-ஆம் வருசத்துக்காரன், சிரிக்கவே மாட்டான். எல்லா உலகத்துச் சிலந்தியையும் சேத்து ஒரு சங்கம் வச்சிருக்கான். சிலந்தியாப் பொறந்தவனுக்கு இன்னது இன்னது நடந்தே தீரணுமாம். நெருங்கின சொந்தம் சாகணும், போலீஸ் கேப்டன் ஒருத்தர் சாகணும், தடுக்கக் கூடாது. அதுக்குப் பேரு கேனான் ஈவென்ட். மைல்ஸோட அப்பா கேப்டனாவப் போறாரு. 'எங்க அப்பாவைச் சாக விட மாட்டேன், எங்கதையை நான் பாத்துக்கிடுதேன்'னு பய கெளம்பி ஓடுதான், அத்தனை சிலந்தியும் தொரத்துது. தியேட்டர்ல நீங்க என்ன விசில், என்ன கைதட்டு!

வெளிய வந்து என்ன செஞ்சீங்க? 'மாமா, அந்தக் காமிக்ஸ்ல அப்படி இல்ல, இது கேனான் கெடையாது.' 'ஹோபி படம் வந்தா அது கேனானா?' 'கேஜு தொடர் கேனான் இல்ல, அது வேற உலகம்.' தியேட்டருக்குள்ள மைல்ஸ் கட்சி, வாசப்படி தாண்டினதும் மிகுவேல் கட்சி. அந்தப் படம் உங்களைத்தான் கேலி பண்ணுதுன்னு தெரியாமலே அதுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கீங்க. லவ்வு புட்டுக்கிட்டா கேனான் ஈவென்ட், பைக்குல இருந்து விழுந்தா கேனான் ஈவென்ட். படிக்காம அரியர் வச்சதும் கேனான் ஈவென்டாம், அதையும் கேட்டேன். மிகுவேலு கூட அதுக்கு ஒத்துக்கிட மாட்டான்ல.

இன்னொரு வேடிக்கை. ரெண்டாம் பாகம் ஓடிக்கிட்டிருக்கும்போதே தியேட்டருக்குத் தியேட்டர் சில இடம் வேற வேறயா இருந்துச்சு. வசனம் மாறும், சின்னச் சின்னதா காட்சி மாறும். எடுத்தவங்களே ஆமான்னு ஒத்துக்கிட்டாங்க. 'நான் பாத்ததுல அப்படி இல்ல'ன்னு சத்தியம் பண்ணி அடிச்சிக்கிட்டவங்க ரெண்டு பேரும் சொன்னது நெசம். அந்தச் சண்டையில தோத்தவன் கெடையாது. கேனான் பேசுதவனுக்கு இதைவிட ஒரு அடி உண்டா?

தேதி தள்ளிப் போவுதுன்னு திட்டுதீங்க, அதுல மட்டும் எனக்குக் கோவம் வருது. மூணாம் பாகம் 2024 மார்ச்சுல வாரதா இருந்துச்சு. 2023-ல நடிகருங்க ஸ்ட்ரைக் வந்துச்சு, தள்ளிப் போச்சு. அது மட்டும் காரணம் இல்ல. ரெண்டாம் பாகத்துக்கு ஏறக்கொறைய ஆயிரம் பேரு வேலை பாத்தாங்க. அதுல நூறு பேரு கிட்ட பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னு வல்ச்சர்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை 2023-ல எழுதிச்சு. முடிச்ச காட்சியைத் திருப்பித் திருப்பி அழிச்சு வரையச் சொன்னாங்க, வாரம் ஏழு நாளும் பதினொரு மணி நேரத்துக்கு மேல வேலைன்னு உள்ள இருந்தவங்களே சொன்னாங்க. தயாரிப்பு ஆளுக, படம் நல்லா வரணும்னா அப்படித்தான்ங்க மாதிரி பதில் சொன்னாங்க. க்வென் வீட்டுச் சுவருல சாயம் வழிஞ்சுதுன்னு ரசிச்சோம்லா, அதை அழிச்சு அழிச்சு வரைஞ்சவன் ஒருத்தன் இருக்கான். அவன் தூங்கட்டும்ல. படம் மெள்ள வரட்டும். நீங்க தூங்காம இருக்கது உங்க இஷ்டம்.

கடைசியா நம்ம ஊருப் பேச்சு ஒண்ணு காதுல விழுந்துச்சு. ரெண்டாம் பாகத்துல பவித்ர் பிரபாகர்னு இந்தியச் சிலந்தி வாரான்லா? 2004-ல ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங்னு மூணு பேரு சேந்து காமிக்ஸுக்கு உண்டாக்கின பய. படத்துல அவன் ஊரு மும்பாட்டன். மும்பாயையும் மன்ஹாட்டனையும் கலந்து கட்டின ஊரு, அந்தக் காலத்து இந்திரஜால் காமிக்ஸ் புத்தகத்து நெறத்துல வரைஞ்சிருக்கான். பாலத்துல பஸ்ஸு தொங்கும், ஆட்டோ பறக்கும், பய தலைமுடியைக் கோதிக்கிட்டே வேலை பாப்பான். அதைப் பாத்த நாள்ல இருந்து உங்களுக்கு ஒரே ஏக்கம். மெட்ராஸுக்கு ஒரு சிலந்தி வேணும், மதுரைக்கு ஒண்ணு வேணும், அவன் வேட்டி கட்டணும், வலைக்குப் பதிலா மல்லியப்பூச் சரம் விடணும்!

யாரு வேண்டாம்னா? ஆனா சோனிக்காரன்கிட்ட எதுக்கு மனு எழுதுத? கனடாவுல பதினாலு வயசுப் பய ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் இந்தப் படம்னா உசுரு. அவன் என்ன செஞ்சான்? ரெண்டாம் பாகத்து டிரெய்லரை முழுசா லெகோ பொம்மை மாதிரி கம்ப்யூட்டர்ல தானே செஞ்சு போட்டான். பிளெண்டர்னு சாஃப்ட்வேரு, துட்டு குடுக்க வேண்டாம், சும்மா கெடைக்கு. படத்தைத் தயாரிச்ச லார்டும் மில்லரும் அதைப் பாத்தாங்க. படத்துல லெகோ உலகம்னு ஒரு காட்சி வரும்லா, அந்தக் காட்சிக்கு அவனையே வேலைக்குக் கூப்பிட்டாங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டுப் பாடம் முடிச்சு, அந்தக் காட்சியைச் செஞ்சு குடுத்தான். பன்னிக்குப் படம் வேணும்னு அவன் கேக்கல பாரு.

உங்கள்ல எவனுக்காவது மெட்ராஸ் சிலந்தி வேணும்னா அந்த பிளெண்டரை இறக்கி உக்காருங்க. நாலு நொடி வந்தாப் போதும், எனக்குக் காட்டுங்க, நான் பாக்கேன். பன்னியே வச்சு எடுத்தாலும் பாக்கேன். பம்புசெட்டுக்குத்தான் துட்டு இல்லைன்னேன், கரண்டு பில்லுக்கு இல்லைன்னு சொல்லல.

மூணாம் பாகம் இப்ப 2027 ஜூன்ல வாரதாச் சொல்லுதான். அதுவும் தள்ளிப் போனா போவட்டும். வந்தா, தமிழ்ல ஓடுத தியேட்டராப் பாத்து எனக்கும் சேத்து ஒரு டிக்கெட் போடுங்க. ஓரத்து சீட்டா இருக்கட்டும், 140 நிமிசம் எந்திரிக்காம உக்காருத வயசு எனக்கில்ல. நடுவுல யாராவது 'இது கேனானா'ன்னு கேட்டீங்க, பாப்கார்ன் துட்டைத் திருப்பி வாங்கிருவேன்.